வேதிச் சமன்பாடு சுலபமாக வர 8 குறிப்புகள்

வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் பலரும் சமன்பாடு என்றாலே தயங்குகிறார்கள். அணுக்களை எண்ணத் தெரிந்தால் போதும். உதாரணங்கள் எல்லாம் நம் வீட்டிலும் ஊர்ப்பக்கத்திலுமே இருக்கின்றன.

1. முதலில் ஒவ்வொரு பொருளின் வாய்ப்பாட்டையும் சரிபாருங்கள். ஆக்சிஜன் வாயுவை ஒற்றை அணுவாக எழுதிவிட்டால் கணக்கு முழுதும் தவறிவிடும். அது எப்போதும் இரட்டை அணுதான்.

2. இரு பக்க அணுக்களையும் பட்டியல் போடுங்கள். வாளையாரில் 1984 முதல் இயங்கும் மலபார் சிமென்ட்ஸ் ஆலையின் சூளையில், சுண்ணாம்புக்கல்லான கால்சியம் கார்பனேட் சூடேறி, கால்சியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடுமாகப் பிரிகிறது. இரு பக்கமும் கால்சியம் 1, கார்பன் 1, ஆக்சிஜன் 3. ஏற்கெனவே சமம், எதையும் சேர்க்க வேண்டாம்.

3. வாய்ப்பாட்டுக்குள் இருக்கும் சிறு எண்ணைத் தொடவே கூடாது. நீரில் ஓர் ஆக்சிஜனைக் கூட்டினால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும். மாற்ற வேண்டியது முன்னால் போடும் எண்ணை மட்டுமே.

4. தனித்து நிற்கும் தனிமத்தைக் கடைசியில் பாருங்கள். சமையல் கேஸில் உள்ள புரோப்பேனில் கார்பன் 3, ஹைட்ரஜன் 8. முதலில் கார்பன், அடுத்து ஹைட்ரஜன், முடிவில் ஆக்சிஜன்:
1 புரோப்பேன் + 5 ஆக்சிஜன் → 3 கார்பன் டை ஆக்சைடு + 4 நீர்.

5. பின்னம் வந்தால் பயப்படாதீர்கள். அதே கேஸில் உள்ள பியூட்டேனில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. அது எரிய ஆறரை ஆக்சிஜன் வேண்டும். எல்லாவற்றையும் இரட்டியுங்கள்:
2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர்.

6. ஒரு பக்கம் ஆக்சிஜன் 2, மறுபக்கம் 3 என்று வந்தால் இரண்டையும் 6 ஆக்குங்கள். துருவில் இருக்கும் நீரைக் கணக்கில் சேர்க்காமல் எழுதினால்:
4 இரும்பு + 3 ஆக்சிஜன் → 2 இரும்பு ஆக்சைடு.

7. மாறாமல் இடம்பெயரும் தொகுதியை ஒரே பொருளாக எண்ணுங்கள். போர் தண்ணீரால் பாத்திரத்தில் படியும் வெள்ளைக் கறையில் கால்சியம் கார்பனேட் உண்டு. வினிகர் ஊற்றினால் அது கரைந்து கால்சியம் அசிட்டேட் ஆகும். அதில் அசிட்டேட் தொகுதி 2. ஆகவே அசிட்டிக் அமிலத்துக்கு முன் 2 போடுங்கள். கூடவே ஒரு நீரும் ஒரு கார்பன் டை ஆக்சைடும் வரும்.

8. எல்லா எண்களும் ஒரே எண்ணால் வகுபட்டால் வகுத்துவிடுங்கள்: 2, 10, 6, 8 என்பது 1, 5, 3, 4 ஆகும். பிறகு மறுபடி எண்ணுங்கள். வினையில் நிறை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்பது 1789-இல் வெளியான நூலில் லவாய்சியே வகுத்துச் சொன்ன விதி. ஓர் அணு இடித்தாலும் விடையை ஏற்காதீர்கள்.