பொன்முதுகு மரங்கொத்தி

கொண்டையும் நீண்ட அலகும் உடைய பறவை எதுவாயினும் அதனை மரங்கொத்தி என்றழைப்பது நம்மவருள் பலருக்கு வழக்கம். புல்தரையில் நடந்து மண்ணைக் குத்திப் புழுத் தேடும் கொண்டலாத்தியே பெரும்பாலும் இவ்வாறு பிழையாகப் பெயர் பெறுகின்றது. அதன் அலகு மெலிந்து வளைந்தது. மரத்தைத் துளைக்கும் வலி அதற்கில்லை. மரங்கொத்தியைக் காண விழைவோர் மா, தென்னை முதலியவற்றின் அடிமரத்தை நோக்குவாராக.

தமிழ்நாட்டு ஊர்ப்புறத் தோப்புகளில் மிகுதியும் காணப்படுவது பொன்முதுகு மரங்கொத்தி. 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். இது மைனாவினும் சற்றே பெரிது. எனினும் செந்நிறக் கொண்டையையும் பொன்னிற முதுகையும் கண்ட மாத்திரத்தில் இனத்தைத் துணிந்துவிடலாகாது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் பெரிய பொன்முதுகு மரங்கொத்திக்கும் இவ்விரண்டும் உண்டு. வேற்றுமை யாதெனில், நம் தோப்புப் பறவைக்கு வாலை அடுத்த முதுகின் கீழ்ப்பகுதி கரியது. மலைப்பறவைக்கோ அது சிவந்தது. சிறகு மடித்திருக்கையில் இப்பகுதி மறைந்துவிடுமாதலால், அது பறந்தெழும் கணத்திற்காகக் காத்திருத்தல் வேண்டும். பலமுறை ஏமாந்த பின்னரே யான் இதனைக் கற்றேன். அமர்ந்திருக்கும்போது தொண்டையை நோக்கலாம்: நம் பறவைக்கு அது கறுத்து, வெண்புள்ளிகள் விரவியிருக்கும். பெண்பறவையின் முன்தலையும் அவ்வாறே கருமையில் வெண்புள்ளியுடையது. பின்கொண்டை மட்டும் சிவப்பு.

விரல்கள் முன்னிரண்டும் பின்னிரண்டுமாக அமைந்தமையால் செங்குத்தான மரத்தையும் இது பற்றி ஏறும். விறைத்த வால் ஊன்றுகோலாம். இதன் நாவைத் தாங்கும் மெல்லிய எலும்புகள் மண்டையோட்டின் பின்புறமாகச் சுற்றி வளைந்து செல்கின்றன; ஆதலின் ஆழ்ந்த துளையினுள்ளும் நாவை நீட்டி எறும்புகளையும் வண்டின் புழுக்களையும் வெளிக்கொணரும். ஆளரவம் கேட்பின் மரத்தின் மறுபுறம் ஒளிந்துகொள்ளும். அசையாது நின்றால் சிறிது நேரத்தில் தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும். பறக்கையில் உரத்த சிரிப்பொலி போலக் கூவி, அலைபோல் ஏறியிறங்கிச் செல்லும்.

மரத்தைப் பட்டுப்போகச் செய்வது இதுவே எனக் குறை கூறுவாரும் உளர். புழு அரித்த மரத்தையே இது பெரிதும் நாடுகின்றது என்பதை அவர் கருதுவதில்லை. உளுத்த மரத்தில் பொந்து குடைந்து, மெத்தை ஏதுமின்றி, பெரும்பாலும் மூன்று வெள்ளை முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். இது கைவிட்ட பொந்தில் பின்னர் மைனாவும் கிளியும் குடியேறுவதுண்டு. தலையொடிந்து நிற்கும் தென்னையை விறகிற்காக வெட்டுவோர், முதலில் அதன் மேற்பகுதியில் வட்டமான துளை உளதா என்று நோக்குவாராக. பெப்ரவரி முதல் ஜூலை வரை அதனுள் முட்டையோ குஞ்சோ இருத்தல் கூடும்.