டிஜிட்டல் சர்வோ: வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு

ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானம் கட்டத் தொடங்கும் இளையவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அண்ணா, டிஜிட்டல் சர்வோ போட்டா விமானம் இன்னும் நல்லா பறக்குமா?" பொறியியல் படிக்கும் மாணவனாக என் பதில்: சில இடங்களில் ஆமாம். ஆனால், மின்சாரக் கணக்கு பார்க்காமல் மாற்றினால் விமானம் நடுவானில் கட்டுப்பாட்டை இழக்கலாம். ஏன் என்று பார்ப்போம்.

1. உள்ளே என்ன இருக்கு?

சர்வோதான் விமானத்தின் தசை. இறக்கை, வால் பகுதிகளில் உள்ள அசையும் பலகைகளைத் திருப்புவது அதுதான். உள்ளே சின்ன மோட்டார், பற்சக்கரங்கள், தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லும் பொட்டென்ஷியோமீட்டர், ஒரு மின்சுற்று இருக்கும். ரிசீவர் பொதுவாக 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பை அனுப்பும். அது 1.5 மில்லிவினாடி நீடித்தால் தண்டு நடுவில் நிற்கும். 1 என்றால் ஒரு பக்கம், 2 என்றால் மறுபக்கம். கேட்ட இடமும் நிற்கும் இடமும் ஒன்றாகும் வரை மின்சுற்று மோட்டாரை ஓட்டும். அவ்வளவுதான்!

2. அனலாக், டிஜிட்டல்: எது வேறுபாடு?

இரண்டுக்கும் வரும் கட்டளை ஒன்றே. மோட்டாருக்கு மின்சாரம் ஊட்டும் விதம்தான் வேறு. அனலாக் சர்வோ வினாடிக்குச் சுமார் 50 தடவை ஊட்டும். டிஜிட்டலில் உள்ள நுண்செயலி சுமார் 300 தடவை ஊட்டும். அதனால் காற்று பலகையைக் கொஞ்சம் தள்ளினாலும் டிஜிட்டல் உடனே எதிர்த்துப் பிடிக்கும். அதற்கு விலை உண்டு: மின்சாரம் அதிகம் குடிக்கும். ஸ்டிக்கைத் தொடாமலே 'ஙீ' என்று சத்தம் போடுவதும் இதனால்தான்.

3. கிலோ-சென்டிமீட்டர் என்றால்?

9 கிராம் எடையுள்ள எஸ்ஜி90 சர்வோவின் விசை 1.8 கிலோ-செ.மீ. என்று போட்டிருக்கும். தண்டிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் 1.8 கிலோவைத் தாங்கும், 2 செ.மீ. தூரத்தில் 0.9 கிலோதான். ஆகவே சர்வோ கையின் உள் துளையில் கம்பியை மாட்டினால் பலம் கூடும், அசைவு குறையும். பல நேரம் புது சர்வோவே தேவைப்படாது; துளையை மாற்றினால் போதும்!

4. மின்சாரக் கணக்கு

சின்ன விமானங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் இருக்கும் பிஇசி என்ற பகுதிதான் ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் 5 வோல்ட் கொடுக்கிறது. பழைய லீனியர் வகை பிஇசி, மிச்ச வோல்ட்டை வெப்பமாக்கி விடும். 3 செல் லிப்போ பேட்டரி 11.1 வோல்ட். மிச்சம் 6.1 வோல்ட். நான்கு சர்வோக்கள் சேர்ந்து 2 ஆம்பியர் இழுத்தால் 6.1 × 2 = 12.2 வாட் வெப்பம்! பிஇசி சூடேறி மின்சாரத்தை நிறுத்தலாம். வோல்ட் சரிந்தால் ரிசீவரும் மறுதொடக்கம் ஆகலாம். அந்த நொடியில் விமானம் யார் பேச்சையும் கேட்காது. கீழே திடலில் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்பதை மறக்காதீங்க.

5. அப்படியானால் எதை வாங்குவது?

முதல் பயிற்சி விமானத்துக்கு அனலாக் போதும். சாகசம் செய்யும் விமானத்துக்கும் ஹெலிகாப்டரின் வாலுக்கும் டிஜிட்டல் தகும். சில கைரோக்கள் வேகமான துடிப்பு அனுப்பும். அதில் அனலாக் சர்வோ மாட்டினால் எரிந்து போகலாம். நான்கு டிஜிட்டல் சர்வோ போடுவதாக இருந்தால், ஸ்விட்சிங் வகை பிஇசி-க்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

செய்து பாருங்கள்

முதலில் புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். ரிசீவரின் காலி இணைப்பில் மல்டிமீட்டரை வையுங்கள். எல்லா ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் வேகமாக ஆட்டுங்கள். நொடிப்பொழுதுச் சரிவை மல்டிமீட்டர் காட்டாது. அதிலேயே வோல்ட் நன்றாக இறங்குவது தெரிந்தால், அந்த விமானத்தைப் பறக்கவிடாதீர்கள். அடுத்து, ஸ்டிக்கைக் கடைசி வரை தள்ளிப் பிடியுங்கள். சர்வோ திணறி இரைந்தால் கம்பியோ கீலோ எங்கோ இறுகுகிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த சர்வோ வாங்கினாலும் வெள்ளிதான் வீண்!