பழைய கம்ப்யூட்டரா? குறையைச் சொல்லியே விற்போம்!



பழைய பொருள் வாங்கி விற்கும் தொழிலில் நம் உறுப்பினர்கள் பலர் இருக்கிறார்கள். வீட்டுப் பரணிலோ பள்ளிக்கூட ஏலத்திலோ, கீபோர்டும் பெட்டியும் ஒன்றாக இருக்கிற அந்தக் காலத்து கம்ப்யூட்டர் கிடைத்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பி.பி.சி. மைக்ரோவை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி 1981இல் கொண்டுவந்த வீட்டுக் கணினி இது. டி.வி.யோடு இணைத்துப் பயன்படுத்தலாம். நம் நாட்டில் 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்ததும் இதுதான். இதன் 'மாடல் பி'யில் நினைவகம் வெறும் 32 கிலோபைட். நம் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது! ஆனாலும் இதைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஓடாத பெட்டியைக்கூட உதிரி பாகத்துக்காகக் கேட்பார்கள்.

விற்கும் முன் கவனிக்க வேண்டியவை:

1. உடனே பிளக்கில் செருகாதீர்கள். வருஷக்கணக்கில் கிடந்த பெட்டியின் பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் வெடித்துப் புகை வரலாம். விவரம் தெரிந்த மெக்கானிக் பார்க்கட்டும்.

2. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டதே என்று பெயின்ட் அடித்தால் மதிப்பு போய்விடும்.

3. எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். உடைந்த இடத்தைக் கிட்டத்தில் எடுங்கள்.

4. குறைகளை எழுதிக் கொடுங்கள். உதாரணம்: "இரண்டு கீ இல்லை. மூடியில் விரிசல். ஓடுமா என்று சோதிக்கவில்லை. இருக்கிற நிலையிலேயே விற்கிறோம்." இரண்டு பிரதி எடுத்து, இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

5. இதே மாடல், இதே நிலையில் என்ன விலைக்குப் போனது என்று விசாரியுங்கள். கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு.

6. பணம் வந்தபிறகே பார்சல் அனுப்புங்கள். பணம் பெறுவதற்கு பின் நம்பரோ ஓ.டி.பி.யோ தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி.

"நல்லா ஓடுதுங்க" என்று சோதிக்காமல் சொல்லிவிட்டால், அன்றைக்கு நூறு இருநூறு கூடக் கிடைக்கலாம். பொருள் திரும்பி வந்தால் வாங்கின பணத்தையும் கொடுத்து, பார்சல் செலவும் நம் தலையில் விழும். அதைவிட, குழுவின் பெயர் கெட்டால் அடுத்த உறுப்பினரின் பொருளையும் யாரும் நம்ப மாட்டார்கள். குறையைச் சொன்னால் விலை கொஞ்சம் குறையும், ஆனால் விற்றது விற்றதாக இருக்கும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்:

* நாம் விற்கும் பொருள்களில் எந்தெந்தக் குறையை வாங்குபவரிடம் சொல்லாமல் விடுகிறோம்?
* விற்பனைச் சீட்டு எழுதும் பொறுப்பை யார் ஏற்பது?