இழப்பின் நடுவிலும் துதி

வேதபகுதி: ஆபகூக் 3:17-19



துன்பநாளில் துதிக்கும்படி நமக்கு ஆலோசனை கூறுவோர் பலருண்டு. ஆனால் எதைக் குறித்துத் துதிப்பது என்று கலங்கிய உள்ளம் கேட்கிறதே! பாபிலோனியப் படையெடுப்பை எதிர்நோக்கியிருந்த ஆபகூக் தீர்க்கதரிசி இக்கேள்விக்கு விடை தருகிறார்.

1. துதி இழப்பை மறைப்பதில்லை

அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுமந்தை, மாட்டுத்தொழுவம் என ஆறு இழப்புகளை அவர் ஒவ்வொன்றாக எண்ணுகிறார். நிலத்தை நம்பி வாழும் குடும்பத்திற்கு இதற்குமேல் இழப்பதற்கு என்ன இருக்கிறது? முதலாம் அதிகாரத்தில் தேவனிடம் முறையிட்டவரும் இவரே. கண்ணீரோடு முறையிடுவது அவிசுவாசமன்று. வயல் வறண்டதற்காக அவர் நன்றி கூறவுமில்லை.

2. துதியின் காரணம் தேவனே

அந்த ஆறும் தேவன் தந்த ஈவுகள். ஈவுகளைத் தந்தவரோ அந்த இழப்புப் பட்டியலில் இல்லை. வெறுமையான தொழுவத்தின் அருகில் நிற்கும்போதும் அவரைத் தன் இரட்சகர் என்றும் தன் பெலன் என்றும் தீர்க்கதரிசியால் அழைக்க முடிகிறது. சூழ்நிலை மாறினாலும் இந்த உறவு மாறுவதில்லை.

3. துதி நம்மை நடக்கச் செய்கிறது

மலைகள் அகன்றுபோகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அம்மலைகளின்மேல் நடப்பதற்கு மானின் கால்களைப் போன்ற கால்களைத் தேவன் தருவார் என்றே நம்புகிறார்.

நம் தேசத்தின் மிஷனெரி வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1812ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று மாலை, வங்காளத்திலுள்ள செராம்பூர் அச்சகம் தீக்கிரையாயிற்று. பல இந்திய மொழிகளின் அச்செழுத்துகளும், வில்லியம் கேரி பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்த கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன. கல்கத்தாவிலிருந்த கேரிக்கு மறுநாள் காலையில்தான் செய்தி எட்டியது. அடுத்த ஞாயிறன்று அவர் சங்கீதம் 46:10ஐப் பிரசங்க வசனமாக எடுத்து, தேவனுக்கு முன்பாக அமர்ந்திருப்பதைக் குறித்துப் போதித்தார்.

இடிபாடுகளைக் கிளறியபோது, எழுத்துகளை வார்ப்பதற்கான உருக்கு அச்சுகள் சேதமின்றிக் கிடைத்தன. அச்சு இயந்திரங்களும் தப்பியிருந்தன. உருகிப்போன உலோகத்தையே மீண்டும் வார்த்து ஊழியத்தைத் தொடர்ந்தனர். எனினும் இழந்த யாவும் திரும்பக் கிடைக்கவில்லை. கேரி தொகுத்துவந்த பன்மொழி அகராதி கடைசிவரை அச்சேறவேயில்லை. ஆயினும் அவர்களுடைய விசுவாசம் அவியவில்லை.

பிரியமானவர்களே, இன்று உங்கள் தொழுவம் எது? வேலையா, சரீர சுகமா, அருமையானவர் ஒருவரின் பிரிவால் வெறுமையான வீடா? ஒரு தாளில் இழந்தவற்றை ஒளிக்காமல் எழுதுங்கள். அதன்கீழ், தீ தொடாமல் விட்டுவைத்தவற்றையும் எழுதுங்கள். இறுதியில், என்றும் மாறாத தேவனுடைய நாமத்தை எழுதுங்கள். அந்தத் தாளை அவருக்கு முன்பாக விரித்து ஜெபியுங்கள். உங்கள் துதி அங்கே தொடங்கட்டும்.

சிந்திக்க: தேவன் தந்தவை குறைந்தபோது, அவர்மேல் நான் வைத்த நம்பிக்கையும் குறைந்ததா?