தேன்சிட்டும் ஐயமும்

கொங்கு நாட்டில் முருங்கையும் செம்பருத்தியும் வாழையும் பூத்த இடமெல்லாம் தேன்சிட்டு வந்து சேரும். நொய்யற் கரைத் தோப்புகளில் இப்புள்ளினைக் காணாத மாணவர் இலர் எனலாம். ஆயினும், கண்டதனை இன்ன இனமென்று துணிந்து கூறுதல் எளிதன்று.

ஊதாத் தேன்சிட்டின் சேவல், இனம்பெருக்கும் பருவத்தே மேனி முழுதும் கருநீலமும் ஊதாவுமாய் மின்னும். அப்பருவம் கழிந்ததும் ஒளிமிக்க அவ்விறகுகள் உதிர்ந்துவிடும். பெடையைப் போன்று அடிப்புறம் மஞ்சளாகும்; கழுத்தின் நடுவே இறங்கும் கரிய கோடொன்று எஞ்சி நிற்கும். இக்கோலத்திற் காண்போர், ‘இஃது இருவேறு இனங்கள் கூடிப் பிறந்த கலப்பினமே’ என்று முடிவு கட்டிவிடுவர். மஞ்சள் வயிறுடைய ஊதாப்பிட்டத் தேன்சிட்டும் அதே தோப்பில் திரிவதால் இவ்வெண்ணம் வலுப்பெறும்.

இவ்வையத்தை அறுப்பது எங்ஙனம்? நிறத்தை மட்டும் நம்புதல் ஆகாது; வெயிலில் ஊதாவாய் ஒளிரும் இறகு நிழலிற் கரியதாய்த் தோன்றும். முதற்கண் அலகை நோக்குக. லோட்டன் தேன்சிட்டின் அலகு நீண்டு நன்கு வளைந்திருக்கும். ஊதாத் தேன்சிட்டின் அலகு அத்துணை நீளமன்று. (லோட்டன் என்பார் பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் ஆளுநராயிருந்த டச்சுக்காரர். ‘நெட்டலகன்’ என்றிருப்பின் நினைவிற் கொள்ள எளிதாயிருக்கும்!) அடுத்து முதுகை நோக்குக. ஊதாப்பிட்டச் சேவலின் முதுகு செம்பழுப்பு; உச்சி பச்சை; பருவந்தோறும் அது கோலம் மாற்றுவதில்லை. மெய்யாகவே கலப்பினமாயின், அலகு, முதுகு, வயிறு ஆகியவற்றில் இருபெற்றோர் கூறுகளும் விரவியோ இடைப்பட்டோ நிற்றல் வேண்டும். சின்னாட்கள் பொறுத்து அப்புள்ளையே மீண்டும் காண்பது இவையனைத்தினும் சிறந்த வழி. கரிய திட்டுகள் பரந்து மேனி முழுதும் கருநீலமாயின், முன்னர்க் கண்டது பருவக் கோலமே.

இவ்வாறு அடையாளங்களைக் கொண்டு புள்ளறியும் பழக்கத்தை நம் நாட்டிற் பரப்பியவர் சாலிம் அலி. இந்தியப் பறவைகளைப் பற்றிய அவர் நூல் 1941-இல் வெளிவந்தது. கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் 1990-இல் ஆய்வு மையம் நிறுவப்பெற்றது.

தேன்சிட்டைப் போன்றே மலர்த்தேன் உண்ணும் ஹம்மிங் பறவைகள் வேறு குடும்பத்தன. அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வன. அவற்றுள் கலப்பினம் தோன்றுதல் மிகுதி. பெரு நாட்டுக் கார்டில்லெரா அசூல் பூங்காவில் பொன்னிறக் கழுத்துடைய ஒன்று அகப்பட்டது. புதிய இனமென்றே முதலிற் கருதினர். மரபணுவை ஆராய்ந்தபோதோ, இளஞ்சிவப்புக் கழுத்துடைய இரண்டு இனங்களின் வழித்தோன்றல் என்பது புலனாயிற்று. 2023-இல் இதனை வெளியிட்டனர். இருபாலும் இளஞ்சிவப்பாயிருக்கப் பொன்னிறம் எங்கிருந்து வந்தது? ஒளிரும் அந்நிறம் சாயத்தால் மட்டும் அமைவதன்று. இறகினுள் அடுக்கடுக்காயுள்ள நுண்தகடுகளில் ஒளி பட்டு மீளுவதால் அமைவது. அத்தகடுகளின் அமைப்புச் சிறிது மாறினும் நிறம் வேறாய்விடும்.