வண்டி அறிந்து பாரம் ஏற்றுவோம்



துவரம் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்த மாத்திரத்தில் அது புதுச் சரக்கா, பழைய சரக்கா என்று நம்மில் பலர் சொல்லிவிடுவோம். வெல்லத்தை விண்டு பார்த்தே பதம் சொல்லுவோம். ஆனால் அந்தச் சரக்கைச் சுமந்துகொண்டு கடை வாசலில் வந்து நிற்கிறதே, அது எத்தனை டன் வண்டி என்று யாராவது கேட்டால், "லாரி" என்போம். மிஞ்சினால் "பெரிய லாரி" என்போம். கொள்முதல் விலையில் கிலோவுக்கு ஐம்பது பைசா குறைக்க அரை மணி நேரம் பேசும் நாம், வாடகையில் அதே ஐம்பது பைசா போவதைக் கவனிப்பதில்லை. வண்டியின் வகை தெரியாமல் பாரம் ஏற்றுவதால் பணம் மட்டுமா போகிறது? அதைப் பின்னால் சொல்லுகிறோம். முதலில் வண்டிகளைத் தெரிந்துகொள்வோம்.

வீல் கணக்கும் அச்சுக் கணக்கும்

நாம் வண்டியை வீல் எண்ணிச் சொல்லுகிறோம். சட்டமும் சுங்கச்சாவடியும் அச்சை, அதாவது ஆக்சிலை எண்ணுகின்றன. ஆறு வீல் லாரிக்கு முன்னால் இரண்டு, பின்னால் நான்கு டயர். ஆக, இரண்டு அச்சு. பத்து வீல் லாரிக்குப் பின்னால் இரண்டு அச்சில் எட்டு டயர். ஆக, மூன்று அச்சு. இதைத்தான் நம் பக்கத்தில் எந்தக் கம்பெனி வண்டியானாலும் 'டாரஸ்' என்று அழைக்கிறோம். பன்னிரண்டு வீல் என்றால் நான்கு அச்சு. பதினான்கு வீல் என்றால் ஐந்து அச்சு.

பாரத்தைத் தாங்குவது அச்சு. அச்சின் பாரத்தைத் தாங்குவது சாலை. ஒரு அச்சின் மேல் பாரம் இரு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரு மடங்கோடு நிற்காது, பதினாறு மடங்கை ஒட்டிப் போகும் என்பது சாலைப் பொறியாளர்களின் கணக்கு. ஆகவேதான் சட்டம் ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனியே எல்லை வைத்திருக்கிறது.

கடை வாசலுக்கு வரும் வண்டிகள்

சிறியதிலிருந்து தொடங்குவோம். கீழே தருவன தோராயக் கணக்கு. மாடலுக்கு மாடல் மாறும்.

குட்டியானை: டாடா ஏஸ் 2005-இல் வந்தது. சந்து பொந்துகளில் நுழையும். முக்கால் டன் சுமக்கும். அதாவது 50 கிலோ மூட்டை பதினைந்து.

தோஸ்த், பொலிரோ பிக்கப் வகை: தோஸ்த் 2011-இல் ஒன்றேகால் டன் வண்டியாக வந்தது. மாடலைப் பொறுத்து 25 முதல் 30 மூட்டை வரை.

407 வகை: டாடா 407 வந்தது 1986-இல். இன்றும் கிராமத்துக் கடைகளுக்குச் சரக்குக் கொண்டு போகும் வண்டி. இரண்டு முதல் இரண்டரை டன்.

ஈச்சர் வகை: இவற்றை நாம் அடிக் கணக்கில் சொல்லுகிறோம்: 14 அடி, 17 அடி, 19 அடி. நாலு டன்னில் தொடங்கி ஆறேழு டன் வரை ஏற்றலாம்.

ஆறு வீல் லாரி: பத்துப் பதினொரு டன்.

பத்து வீல் டாரஸ்: பதினெட்டு டன் அளவில், 50 கிலோ மூட்டை 360.

பன்னிரண்டு வீல், பதினான்கு வீல்: அதற்கும் மேலே. இவை மில்லிலிருந்து மொத்தக் குடோனுக்கு வரும் வண்டிகள். சில்லறைக் கடைக்காரர் இவற்றைத் தனியாகக் கூப்பிட வேண்டியதில்லை.

ஆர்.சி. சொல்லும் இரண்டு எண்கள்

எந்த வண்டியானாலும் அதன் ஆர்.சி.யில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று, சரக்கு, ஆட்கள், டீசல் எல்லாம் சேர்ந்த மொத்த எடை. மற்றொன்று வெறும் வண்டியின் எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பதே நாம் ஏற்றத்தக்க பாரம். அதில் டிரைவரும் லோடுமேனும் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது.

2018 ஜூலையில் மத்திய அரசு இந்த எல்லைகளை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட பின் அச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆயிற்று. ஆறு வீல் லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னுக்கும், பத்து வீல் லாரிக்கு 25 டன்னிலிருந்து 28.5 டன்னுக்கும் உயர்ந்தன. "அதான் சட்டமே கூட்டிக் கொடுத்துவிட்டதே" என்று எல்லா வண்டியிலும் கூட்டி ஏற்றுவது தவறு. அந்தந்த வண்டியின் ஆர்.சி.யில் என்ன எண் இருக்கிறதோ, அதுதான் அந்த வண்டிக்குக் கணக்கு.

எங்கள் கடையில் நடந்தது

2003-ஆம் ஆண்டு, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு. எங்கள் மொத்தக் கடையிலிருந்து தெற்கே மூன்று கடைகளுக்கு 407 வண்டியில் சரக்கு அனுப்ப ஏற்பாடு. பருப்பும் சர்க்கரையுமாக 48 மூட்டை. இரண்டு டன் 400 கிலோ. இரண்டரை டன் வண்டிக்குச் சரியான லோடு. வண்டி கிளம்பும் நேரத்தில் போன் வந்தது. "அண்ணாச்சி, வண்டிதான் வருதே, கூட ஒரு இருபது மூட்டை போட்டு விடுங்க" என்றார் ஒருவர். சற்று நேரத்தில் இன்னொருவருக்குப் பதினாறு மூட்டை. டிரைவர், "பாரம் ஜாஸ்தி முதலாளி, ரெண்டாவது நடை அடிச்சிரலாம்" என்றார். இரண்டாவது நடைக்கு வாடகை யார் கொடுப்பது? "பார்த்து மெதுவாப் போப்பா" என்று அனுப்பி வைத்தது நாங்கள்தான்.

84 மூட்டை, நாலு டன் 200 கிலோ. இரண்டரை டன் வண்டி. மூட்டைகளின் மேல் லோடுமேன் ஒருவர் உட்கார்ந்து போனார். முப்பது கிலோமீட்டர் தாண்டி ஒரு வளைவில் பின் டயர் வெடித்து வண்டி சாய்ந்தது. டிரைவர் காயத்தோடு தப்பினார். லோடுமேனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அப்போது அவருக்கு வயது 26.

சர்க்கரை மூட்டை கிழிந்து சாலையில் கொட்டிய நஷ்டம் எங்களுக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய தாயார், "கூலிக்குப் போன புள்ளைய இப்படி அனுப்பிட்டீங்களே ஐயா" என்று கேட்டது நினைவிருக்கிறது. பதில் சொல்ல முடியவில்லை, இன்றும் இல்லை. அவர் இப்போது எங்கள் கடையின் எடைத் தராசுப் பொறுப்பில் இருக்கிறார். பாரம் ஏற்றும் முன் ஆர்.சி.யைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும், கணக்கு மீறினால் "ஏற்றாதே" என்று சொல்லுவதும் அவர் வேலை. அவர் சொன்னால் முதலாளியான நாங்களும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

மயில்தோகையே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான் நாம். கடைக்கு வந்தபின் மறந்துவிடுகிறோம்.

அபராதம் யாருக்கு?

"அபராதம் வந்தால் லாரிக்காரர் கட்டுவார்" என்று நினைக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆவது பிரிவு, அதிக பாரத்துடன் ஓட்டுபவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்லுகிறது. 2019 செப்டம்பர் 1 முதல் அபராதம் 20,000 ரூபாய். அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். இறக்குக் கூலி தனி. மூன்று டன் கூடினால் 26,000 ரூபாய். அதிகப்படி பாரத்தை இறக்காமல் வண்டி நகர முடியாது. நடுவழியில் இறக்கிய மூட்டைக்குக் காவல் யார், மழை வந்தால் தார்பாய் யார் போடுவார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சொந்தமாகச் சிறு வண்டி வைத்திருப்போர் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளலாம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை, இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாம் என்று உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது.

டன்னுக்கு என்ன செலவு?

பெரிய வண்டியில் டன் கணக்குக்குச் செலவு குறைவு என்பதற்குச் சுங்கக் கட்டணமே சாட்சி. 2008-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில், கிலோமீட்டருக்கு அடிப்படைக் கட்டணம் இலகு ரகச் சரக்கு வண்டிக்கு 1 ரூபாய் 5 பைசா. இரண்டு அச்சு லாரிக்கு 2 ரூபாய் 20 பைசா. மூன்று அச்சு லாரிக்கு 2 ரூபாய் 40 பைசா. அதன்பின் கட்டணம் ஆண்டுதோறும் ஏறி வந்தாலும், அடிப்படை இதுவே. இதை டன்னால் வகுத்துப் பாருங்கள். ஒன்றேகால் டன் வண்டியில் டன்னுக்கு 84 பைசா. பதினோரு டன் லாரியில் 20 பைசா. பதினெட்டு டன் டாரஸில் 13 பைசா. ஆறு வீலுக்கும் பத்து வீலுக்கும் கட்டணத்தில் வித்தியாசம் 20 பைசாதான்; பாரத்திலோ ஏழு டன் வித்தியாசம்.

ஆனால் இந்த லாபம் வண்டி நிறைந்தால்தான். பதினெட்டு டன் வண்டியை எட்டு டன்னுக்குக் கூப்பிட்டால், மீதிப் பத்து டன் காற்றுக்கும் சேர்த்து நாமே வாடகை கொடுக்கிறோம். மேலும் டாரஸ் நம் தெருவுக்குள் நுழையாது. ஊருக்கு வெளியே நிறுத்திச் சின்ன வண்டியில் மாற்றினால் இரண்டாவது முறை ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சின்ன வண்டி வாடகை எல்லாம் சேரும். பல நகரங்களில் பகல் நேரத்தில் கனரக வண்டிகளை உள்ளே விடுவதில்லை. இவற்றையெல்லாம் கூட்டித்தான் வாடகையைக் கணக்கிட வேண்டும்.

சரக்கின் தன்மையும் முக்கியம். உப்பு, வெல்லம், சர்க்கரை, எண்ணெய் டின் எல்லாம் எடைச் சரக்கு. பாடி பாதி நிறையும் முன்பே எடை எல்லையைத் தொட்டுவிடும். "இன்னும் இடம் இருக்கிறதே" என்று கண்ணால் பார்த்து ஏற்றுவதுதான் இங்கே ஆபத்து. பொரி, அப்பளம், மிளகாய் வற்றல், பிளாஸ்டிக் சாமான் எல்லாம் இடச் சரக்கு. இவற்றுக்கு டன் பார்க்காமல் அடி பார்த்து வண்டி பிடிக்க வேண்டும்.

கூட்டு லோடு

சிறு கடைக்காரருக்கு வழி கூட்டு லோடுதான். ஐந்து பேர் சேர்ந்தால் ஆளுக்கு 72 மூட்டை வீதம் ஒரு டாரஸ் நிறைந்துவிடும். கடைசியில் இறங்குபவர் சரக்கை முதலில் ஏற்ற வேண்டும். ஒவ்வொருவர் பில்லும் தனித்தனியாக இருக்க வேண்டும். சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு இது ஒரு லட்சம் ரூபாய். ஒரே வண்டியில் வரும் பல இ-வே பில்களை ஒன்றாகத் திரட்டிக்கொள்ளவும் வசதி உண்டு. நடுவில் வண்டி மாற்றினால் புதிய வண்டி எண்ணைப் பதிய மறக்கக் கூடாது.

முடிவாக, வண்டிக்குச் சொல்லும் முன் நான்கு கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம்.

1. நம் சரக்கு மொத்தம் எத்தனை கிலோ? மூட்டைக் கணக்கில் நிற்காமல் கிலோவில் எழுதிப் பார்த்தோமா?

2. வரும் வண்டியின் ஆர்.சி. கணக்குப்படி ஏற்றத்தக்க பாரம் எவ்வளவு?

3. அந்த வண்டி நம் கடை வாசல் வரை வருமா?

4. மூட்டைகளின் மேல் யாராவது உட்கார்ந்து வருகிறார்களா?

நான்காவது கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால், ஆளை இறக்கிய பிறகே வண்டியை அனுப்ப வேண்டும். "கூடப் பத்து மூட்டை" என்று போன் செய்யும் வழக்கத்தை நாம் விட்டால், "சரி" என்று சொல்லும் வழக்கத்தை மொத்த வியாபாரிகளும் விடுவார்கள். பத்து மூட்டைச் சரக்கு அடுத்த நடையில் வந்துவிடும். இதை உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கடையில் கடைப்பிடிக்க வேண்டுமாய் அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.