பாகப்பிரிவினைக்கு உதவும் ஒரு பேரெண்

பாகம் பிரிக்கும் வேளையில் ஊரார் பஞ்சாயத்து அங்கத்தினர்களையே முதலில் நாடுகின்றனர். யாருக்கு எத்தனை பங்கு என்பதை வக்கீலும் ஆலிமும் உரைப்பர். அதைக் கணக்காக்கும் பொறுப்போ பெரும்பாலும் நம்மிடமே வந்து சேருகிறது. அதற்குத் துணைபுரியும் எண் ஒன்றை இங்கே ஆராய்வோம். அது 7,20,720.

இதனை 1 முதல் 16 வரை எந்த எண்ணாலும் மீதியின்றி வகுக்கலாம். இதனினும் சிறிய எண் எதற்கும் அத்தகுதி இல்லை. 2 நான்கு முறையும், 3 இரு முறையும், 5, 7, 11, 13 ஒவ்வொரு முறையும் பெருக்கப்பட்டு இது பிறக்கிறது. இதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 240 உள்ளன. இதற்குக் கீழ்ப்பட்ட எவ்வெண்ணுக்கும் அத்தனை இல்லை. இவ்வகை எண்களைப் பற்றித்தான் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1915-இல் நீண்டதொரு கட்டுரை வெளியிட்டார்.

மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் கூடம் ஒன்றின் உரிமையாளர் காலமானார் என வைத்துக்கொள்வோம். தகப்பனார் முன்னரே மறைந்தவர். மனைவி, தாயார், இரு ஆண்மக்கள், ஒரு பெண் ஆகியோர் வாரிசுகள். கடன்கள் தீர்ந்தபின், இஸ்லாமிய முறைப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, தாயாருக்கு ஆறில் ஒன்று. எஞ்சியதில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. தொட்டிகளைச் சுவரெழுப்பிப் பிரிக்க இயலாது. வாடகையைத்தான் பங்கிட வேண்டும். நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிட்டு, இரண்டு தசமத் தானங்களுக்கு மேற்பட்டதை வெட்டினால், ஐவர் பங்கும் சேர்ந்து 99.98 ஆகும். பத்து லட்சம் ரூபாயில் 200 ரூபாய்க்கு உரியவர் இல்லை! சிறிய தொகைதான், ஆனால் பங்காளிகளின் மனக்கசப்புக்கு அது போதும்.

மொத்தச் சொத்தை 7,20,720 பங்காகக் கொண்டால் மனைவிக்கு 90,090, தாயாருக்கு 1,20,120, ஆண்மக்களுக்குத் தலைக்கு 2,04,204, பெண்ணுக்கு 1,02,102. கூட்டிப் பாருங்கள், ஒரு பங்கும் குறையாது. இலக்கங்கள் இரட்டித்து வரும் அழகையும் காணலாம். 7, 11, 13 மூன்றையும் பெருக்க 1001; மூன்று இலக்க எண் எதனை 1001-ஆல் பெருக்கினாலும் அதுவே இருமுறை எழுதப்பட்டு நிற்கும். எழுத்தர் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினால் உடனே கண்ணில் படும்.

இந்தக் குடும்பத்துக்கு 120 பங்கே போதுமே எனலாம். உண்மை, இத்தலைமுறைக்குப் போதும். பிறகு ஒரு மகன் தன் தாயார், மனைவி, மூன்று ஆண்மக்கள், ஒரு பெண்ணை விட்டு இறந்தால் 2,04,204-ஐ எட்டால் வகுக்க முடியாது. அப்போது எல்லார் பங்கையும் இரட்டித்து, மொத்தம் 14,41,440 என்று கொள்ள வேண்டும். அம்மகனின் பங்கு 4,08,408 ஆகிறது. அதில் மனைவிக்கு 51,051, தாயாருக்கு 68,068, ஆண்மக்களுக்குத் தலைக்கு 82,654, பெண்ணுக்கு 41,327. பத்திரத்தில் மொத்தப் பங்கின் எண்ணிக்கையையும் எழுத்தால் குறித்தல் வேண்டும்.